தப்படிக் கணக்கு

(கெல்லிவில்லில் நடந்த இலக்கியச் சந்திப்பில் ஆற்றி, இணையத்தில் நேரலையான உரையின் எழுத்து வடிவம்)

கெல்லிவில்லில் இந்தக் கூடத்துக்கு நேரில் வந்திருக்கும் நண்பர்களுக்கும் நேரலையில் இணைந்திருப்பவர்களுக்கும் நன்றி. டொராண்டோவில் இப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அங்கிருந்து விழித்திருந்து கேட்பவர்களுக்குத் தனி நன்றி.

இந்தச் சந்திப்பின் பொதுத்தலைப்பு ‘நிலமும் நாமும்’. நிலம் என்றதும் குறிஞ்சி, முல்லை என்று தொடங்குவது நம் வழக்கம். நான் அதைவிடச் சின்ன இடத்தில், நம் உள்ளங்காலில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

நிலத்தைக் காலால் எண்ணி அளப்பது பற்றித்தான் என் பேச்சு. கையில் ஒரு வரைபடம், ஒரு காம்பஸ், மற்றபடி நம் இரண்டு கால்கள். கருவி இவ்வளவுதான். இன்று கைப்பேசி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, உண்மைதான். ஆனால் ப்ளூ மவுண்டன்ஸ் பள்ளத்தாக்குக்குள் இரண்டு நாள் நடப்பவருக்குப் பேட்டரி எப்போது தீரும் என்பது தெரியும். அதனால் காட்டுநடைக்காரர்கள் இந்தப் பழைய வித்தையை இன்னும் கைவிடவில்லை. வார இறுதிகளில் நம் பிள்ளைகள் சிலரை நான் நடைக்கு அழைத்துப் போவதுண்டு. அவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

செய்முறை எளிது. மைதானத்தில் 100 மீட்டரை டேப்பால் அளந்து இரண்டு முனையிலும் அடையாளம் வைக்க வேண்டும். பிறகு இயல்பாக நடக்க வேண்டும். இடது கால் தரையைத் தொடும்போது மட்டும் எண்ண வேண்டும். மூன்று நான்கு முறை நடந்து சராசரி எடுத்தால் அதுதான் உங்கள் எண். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 60 முதல் 70 வரை வரும். எனக்கு 66. ஏற்றத்தில் அது கூடும், புதருக்குள் இன்னும் கூடும், மதியத்துக்கு மேல் களைத்துவிட்டாலும் கூடும். அந்தக் கூடுதலையும் தெரிந்து வைத்திருப்பவர்தான் தேர்ந்த நடையர்.

பிள்ளைகள் எப்போதும் ஒரு கேள்வி கேட்பார்கள். “அங்கிள், யாருடைய நம்பர் கரெக்ட்?” எல்லாருடையதும் சரிதான். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு 80 வந்தால் அவளுக்கு 80 சரி. அவள் என் 66ஐ வைத்துக்கொண்டு நடந்தால் ஓடைக்கு முன்னாலேயே நின்றுவிடுவாள். மீட்டர் யாருடைய உடம்போடும் ஒட்டாத அளவு. தப்படி அப்படியல்ல. யாருடைய கால் என்று கேட்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது.

இன்று நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். ஒரு நிலத்தின் அளவை யாராவது சொன்னால், அதை அளந்தது யாருடைய கால் என்றும் கேட்க வேண்டும். வரைபடம் பெரும்பாலும் அந்தக் காலடியை அழித்துவிட்டுத்தான் நம் கைக்கு வருகிறது.

தமிழுக்கு இது புரியாத விஷயமில்லை. ‘அடி’ என்ற ஒரே சொல்லை நாம் எத்தனை வேலைக்கு வைத்திருக்கிறோம் பாருங்கள். பாதம் அடி. பன்னிரண்டு அங்குலம் அடி. மரத்தின் கீழ்ப்பகுதி அடி. செய்யுளின் வரியும் அடி. எழுத்து, அசை, சீர், தளை என்று சேர்ந்து வந்து கடைசியில் அடியாக நடக்கிறது. ஆங்கிலத்திலும் செய்யுளின் ஓர் உறுப்பைப் பாதம் என்றே சொல்கிறார்கள். ஆனால் அது ஏறக்குறைய நம் சீருக்குச் சமம். நாம் முழு வரியையே அடி என்றோம். நடையும் கவிதையும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்ட மொழி இது. உரைநடை என்ற சொல்லிலும் நடை இருக்கிறது.

அடுத்து காம்பஸ். இங்கே குடிவந்தவர்களுக்கு அது இரண்டு பாடங்களைச் சொல்லித் தரும். முதலாவது, சிட்னியில் காந்த ஊசி காட்டும் வடக்கு உண்மையான வடக்கு இல்லை. சுமார் 12, 13 பாகை கிழக்கே தள்ளிக் காட்டும். சென்னையில் இந்த விலகல் மிகச் சிறியது. ஊரில் காம்பஸ் பழகியவர் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். இங்கே அதைக் கழிக்காமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் போக வேண்டிய இடத்துக்கு 200 மீட்டருக்கும் மேல் தள்ளி நிற்பார். இரண்டாவது, புவியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் தரைக்கு இணையாக இருப்பதில்லை. வட அரைக்கோளத்தில் ஊசியின் வடமுனை கீழே சாயும். இங்கே தென்முனை சாயும். அதனால் எந்தப் பகுதியில் விற்கப்போகிறார்களோ அதற்கேற்ப ஊசிக்கு எதிர்ப்பாரம் வைத்துச் செய்கிறார்கள். ஐரோப்பாவுக்காகச் செய்த காம்பஸை இங்கே கொண்டுவந்தால் ஊசி சாய்ந்து தட்டில் உரசும், சரியாகச் சுழலாது. காம்பஸில் குறை ஒன்றுமில்லை. அதை வேறொரு நிலத்துக்காகச் சமன் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் இது தெரியும்.

ஆனால் நம் திசைச்சொற்கள் இங்கே வந்து வேறொரு வேலை செய்கின்றன. கிழக்கு என்பது கீழ் என்ற சொல்லில் இருந்து வந்தது. மேற்கு என்பது மேல். தமிழ்நாட்டில் மேற்கே மலை, கிழக்கே தாழ்ந்து போய்க் கடல். நிலத்தின் சரிவையே திசைக்குப் பெயராக வைத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கிழக்கேதான் மலை. ஆனாலும் மலையாளத்தில் கிழக்குக்குக் கிழக்கு என்றே பெயர். சொல் மலையைத் தாண்டிப் போனதற்கு இது சாட்சி என்று கால்டுவெல் எழுதினார். இப்போது கெல்லிவில்லில் நின்று பாருங்கள். மேற்கே ப்ளூ மவுண்டன்ஸ், மேல். கிழக்கே துறைமுகமும் கடலும், கீழ். நம் சொற்கள் இந்த நிலத்தில் அச்சாகப் பொருந்துகின்றன. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அருகே பயணம் செய்து வந்த சொல்லுக்கு இப்படி ஓர் இடம் கிடைத்திருக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

சந்தோஷம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த நிலத்தைக் காலால் எண்ணியவரின் கதைக்கு வருகிறேன்.

1791 ஏப்ரல் 11. காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு, அப்போது ரோஸ் ஹில் என்று அழைக்கப்பட்ட இன்றைய பரமட்டாவில் இருந்து 21 பேர் கிளம்பினார்கள். கவர்னர் ஆர்தர் பிலிப், அதிகாரிகள், சிப்பாய்கள். கூடவே கோல்பீ, பொலடெரீ என்ற இரண்டு பூர்வகுடி மனிதர்கள். ஹாக்ஸ்பரி, நெப்பியன் என்று தாங்கள் பெயர் வைத்த இரண்டு ஆறுகளும் ஒன்றா என்று தெரிந்துகொள்வது பயணத்தின் நோக்கம். முதலில் கொஞ்ச தூரம் வடகிழக்காகப் போனார்கள். பிறகு வடக்கிலிருந்து 34 பாகை மேற்காகத் திரும்பி மாலை வரை அதே திசையில் நடந்தார்கள். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் அந்தப் பாதை நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பக்கமாகத்தான் போகும். அன்று இங்கே வீதிகள் இல்லை, மெட்ரோ இல்லை. தருக் மக்களின் நிலம் இது.

அந்தப் பயணத்தை எழுதி வைத்தவர் வாட்கின் டென்ச் என்ற கடற்படை வீரர். அவர் தங்கள் அளவை முறையையும் விளக்கியிருக்கிறார். காம்பஸ் பார்த்துத் திசையைக் குறிப்பது, தப்படிகளை எண்ணுவது. நல்ல தரையில் 2,200 தப்படி ஒரு மைல் என்று கணக்கு. இரவில் தங்கும் இடத்தில் அன்றைய திசைகளையும் தூரங்களையும் கூட்டி, நடுக்கடலில் கப்பல் தன் இடத்தைக் கணிப்பதுபோலக் கணித்தார்கள். எண்ணும் வேலை எப்போதும் வில்லியம் டாஸ் என்பவருடையது. இன்று துறைமுகப் பாலத்தின் அடியில் இருக்கும் டாஸ் பாயின்ட் அவர் பெயரில் உள்ளது. அங்கேதான் அவருடைய வானியல் ஆய்வுக்கூடம் இருந்தது. டாஸ் நடையை நிறுத்தாமல், பக்கத்தில் வருபவரோடு பேச்சையும் விடாமல் எண்ணிக்கொண்டே போவாராம். மற்றவர்களுக்கு அது சாத்தியமே இல்லை என்கிறார் டென்ச். எண்ணிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நான் 300ஐத் தாண்டும்போது யாராவது ‘தண்ணி இருக்கா?’ என்று கேட்டால் போச்சு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைல் 63,360 அங்குலம். அதை 2,200ஆல் வகுத்தால் ஒரு தப்படிக்குச் சுமார் 29 அங்குலம். 230 வருடங்களுக்கு முன் இந்தப் பக்கம் நடந்த ஒரு மனிதரின் தப்படி எவ்வளவு நீளம் என்று இன்று நமக்குத் தெரிகிறது. அவர் முகத்தைவிட அது எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது.

அந்தக் குழுவில் ஒரு வேடிக்கையும் இருந்தது. கோல்பீயும் பொலடெரீயும் வழிகாட்டுவார்கள் என்று நம்பி அழைத்துப் போயிருந்தார்கள். ரோஸ் ஹில்லைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே அவர்களுக்கும் அது அந்நிய நாடாகிவிட்டது. வெள்ளைக்காரர் கண்ணுக்கு இந்த நிலத்தவர் எல்லாரும் ஒன்று. அந்த இருவருக்கோ தங்கள் நாடு எங்கே முடிகிறது, அடுத்தவர் நாடு எங்கே தொடங்குகிறது என்பது துல்லியமாகத் தெரியும். வேலி இல்லை, கல் இல்லை, எல்லை மட்டும் இருந்தது. மூட்டை சுமந்த சிப்பாய்கள் தடுக்கி விழும்போதெல்லாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்றும் டென்ச் எழுதுகிறார்.

டென்ச் இன்னொரு தகவலையும் தருகிறார். எனக்கு அவருடைய புத்தகத்திலேயே பெரிய புதையல் அதுதான். அந்த மக்கள் காம்பஸுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ‘நா மோரோ’. நா என்றால் பார்ப்பது. மோரோ என்றால் பாதை. பாதையைப் பார்ப்பது. அதுவரை கண்டிராத ஒரு பொருளுக்கு உடனே பிறந்த சொல். நாம் அதைத் திசைகாட்டி என்கிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திசை என்பது வெளிக்குச் சொந்தம், ஆள் இல்லாமலும் இருக்கும். பாதை கால் பட்டால்தான் பாதை. கருவியைக் கொண்டுவந்தவர்கள் அதில் திசையைப் பார்த்தார்கள். நடந்தே வாழ்ந்தவர்கள் அதில் பாதையைப் பார்த்தார்கள்.

அந்த டாஸ் இன்னொன்றையும் எண்ணிச் சேர்த்தார். சொற்களை. பட்டியெகராங் என்ற இளம்பெண்ணிடம் இருந்து சிட்னி மொழியைக் கேட்டுக் கேட்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதினார். வினைச்சொற்கள், காலங்கள், சின்னச் சின்ன உரையாடல்கள். அந்த நோட்டுகள் இன்று லண்டன் சோவாஸ் நூலகத்தில் உள்ளன. மொழியை மீட்கப் பாடுபடுபவர்களுக்கு இன்று அவை பெரிய ஆதாரம். 1790 டிசம்பரில் பூர்வகுடி மக்களைத் தண்டிக்க ஒரு படையை அனுப்ப பிலிப் உத்தரவிட்டபோது டாஸ் முதலில் மறுத்தார். பிறகு போனார். போனதற்காக வருந்துவதாகப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். 1791 முடிவில் இந்த நாட்டைவிட்டே போய்விட்டார். அவர் எண்ணிய தப்படிகள் வரைபடமாகின. வரைபடத்தைத் தொடர்ந்து குடியேற்றமும் பட்டாவும் வந்தன. அவர் எழுதிய சொற்கள் நூற்றாண்டுக்கும் மேலாகக் காகிதத்தில் காத்துக் கிடந்தன. ஒரே மனிதர், ஒரே கால்கள், இரண்டு கணக்குகள்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது மாவலி. மூன்றடி மண் கேட்கிறான் ஒரு குள்ளன். மாவலி அந்தச் சின்னக் காலைப் பார்த்துச் சம்மதிக்கிறான். நீர் வார்த்துக் கொடுத்த பிறகு கால் வளர்கிறது. பக்தியில் இந்தக் கதைக்குப் பெரிய பொருள் இருக்கிறது, அதில் நான் கை வைக்கவில்லை. திருக்கோவிலூரிலும் காஞ்சியிலும் உலகளந்த பெருமாள் முன்னால் நின்று நானும் அண்ணாந்து பார்த்தவன்தான். ஆனால் நில அளவைக்காரனின் கண்ணால் பார்த்தால் அந்தக் கதையில் ஒரு நுட்பம் தெரிகிறது. ஒப்பந்தத்தில் எண்ணிக்கை இருந்தது, அளவுகோல் இல்லை. மூன்று என்பது எழுதப்பட்டது. யாருடைய அடி, எந்த நேரத்து அடி என்பது எழுதப்படவில்லை. உலகில் பறிபோன நிலங்களில் பலவும் இந்த இடைவெளி வழியாகத்தான் போயிருக்கின்றன.

நம் அரசர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பொது ஆண்டு 1000 வாக்கில் இராசராசன் சோழநாட்டை அளக்கச் செய்தான். அளவைக்குப் பொறுப்பானவனுக்கு உலகளந்தான் என்றே பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேலியை 320ஆகப் பகுத்த முந்திரி, அதற்கும் கீழே கீழ்முந்திரி என்று கணக்குப் போகிறது. வரி என்று வந்துவிட்டால் கால் போதாது, கோல் வேண்டும். அதே தஞ்சைக் கோயிலில் 1808இல் வில்லியம் லாம்ப்டனின் ஆட்கள் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். கயிறு அறுந்து கருவி கல்லில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாக நிமிர்த்திச் சரிசெய்தார். 1802இல் பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு அளந்த அடிக்கோட்டில் இருந்து தொடங்கி இமயம் வரை போன பெரும் அளவை அது.

இமயத்தில் அந்த அளவை நின்றது. திபெத்துக்குள் வெள்ளையருக்கு அனுமதி இல்லை. சங்கிலியும் தியோடலைட்டும் போக முடியாத இடத்தில் மறுபடியும் கால் தேவைப்பட்டது. குமாவுன் மலைக்கிராமமான மிலத்தைச் சேர்ந்த நைன் சிங் ராவத்தை டேராடூனில் பழக்கினார்கள். மேடோ பள்ளமோ, தப்படி மாறக் கூடாது. மைலுக்குச் சுமார் 2,000 தப்படி. கையில் ஜெபமாலை. 108 மணிக்குப் பதில் 100 மணி. நூறு தப்படிக்கு ஒரு மணி தள்ளினால் மாலை ஒரு சுற்று வரும்போது பத்தாயிரம் தப்படி. பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்தாளுக்குப் பதில் குறிப்புத்தாள். வியாபாரி வேடத்தில் 1866 ஜனவரியில் அவர் லாசாவை அடைந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைல்களை அப்படி எண்ணினார். அவருடைய உறவினர் கிஷன் சிங், ஒரு கட்டத்தில் குதிரை ஏற வேண்டி வந்தபோது, குதிரையின் காலடியை எண்ணிக் கணக்கைக் காப்பாற்றினார்.

பாதுகாப்புக்காக அறிக்கைகளில் இவர்களுக்குப் பெயர் கிடையாது. ‘பண்டிதர்’ என்று இருக்கும், அல்லது இரண்டு எழுத்து இருக்கும். 1877இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் நைன் சிங்குக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் அவர் நடந்த கோட்டை வரைபடத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு கோடு மட்டுமே தெரியும். அந்தக் கோட்டுக்குள் ஒரு மனிதர் பனியில், பிடிபட்டால் உயிர் போகும் என்ற பயத்தில், உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒரு தப்படிக் கணக்கு. இது எந்த வரைபடத்திலும் இல்லை. சிட்னியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990இல் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறியவர். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்ட காணி பல வருடங்கள் கழித்து விடுவிக்கப்பட்டபோது பார்க்கப் போனார். வீடு இல்லை. வேலி இல்லை. பூவரசு இல்லை. ஒழுங்கை எது என்று தெரியாத பற்றைக்காடு. உறுதிப் பத்திரம் கையில் இருந்தது. அதில் எழுதியிருந்த எல்லைகளோ பக்கத்துக் காணிக்காரர்களின் பெயர்கள். அவர்களும் அங்கே இல்லை. கடைசியில் கிணறு அகப்பட்டது.

“கிணத்தடியில நிண்டு எண்ணினன். கிணத்திலயிருந்து அடுப்படி வாசலுக்கு முப்பத்தாறு. சின்ன வயசில தண்ணி அள்ளிக்கொண்டு போகேக்க எண்ணுறனான். முப்பத்தாறு வச்சு நிண்டன். ஒண்டும் இல்லை. பிறகு யோசிச்சன், அது சின்னப் பொடியன்ர காலெல்லோ. திரும்பி வந்து எட்டைக் குறைச்சு வச்சு எண்ணினன். அத்திவாரக் கல்லு காலில தட்டிச்சுது.”

அவர் இதைச் சொன்னபோது அவருடைய பேத்தி பக்கத்தில் இருந்தாள். என்னோடு நடைக்கு வருபவள்தான். “தாத்தா, யூ காலிப்ரேட்டட்!” என்றாள். அவருக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. இப்போது அவரும் அதைச் சொல்கிறார்.

உறுதியில் இருந்த எண்ணுக்கும் நில அளவையாளரின் வரைபடத்துக்கும் தெரியாத ஒன்று அந்தக் காலுக்குத் தெரிந்திருந்தது. அது ஒரு பத்து வயதுப் பையனின் தப்படி, கையில் தண்ணீர் வாளியோடு. அளவுகோல் எது என்று கேட்டதால்தான் அவருக்கு வீடு கிடைத்தது.

நாம் கெல்லிவில்லில் வீடு வாங்கும்போது நமக்கும் ஒரு படம் தருகிறார்கள். மனை எண், அகலம், ஆழம், சதுர மீட்டர். எல்லாம் மில்லிமீட்டர் வரை சரியாக இருக்கும். ஊருக்குப் பெயர் கொடுத்தவர் அயர்லாந்தில் இருந்து கைதியாக வந்து நிலக்காரரான ஹியூ கெல்லி. தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகை இருக்கிறது. நமக்கு முன்னால் இங்கே நடந்த கால்களை மட்டும் அந்தப் படத்தில் தேட முடியாது. நாடு இழந்தவர்கள், நாடு விட்டவர்கள், வேறொருவர் இழந்த நாட்டில் வந்து மனை வாங்கியிருக்கிறோம். இதைக் குற்றவுணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். பிள்ளைகளுக்கும் கண்டுபிடித்துக் கொடுங்கள். பிறகு உங்கள் வாசலில் இருந்து பக்கத்து ஓடை வரை எண்ணி நடந்து பாருங்கள். இந்தப் பகுதியில் கேடிஸ் ஓடை இருக்கிறது. அது கட்டாய் ஓடையில் சேர்ந்து ஹாக்ஸ்பரிக்குப் போகிறது. டாஸும் கோல்பீயும் தேடிப் போன அதே ஆறு. போகிற வழியில் எந்தப் பெயர் தருக் மொழிப் பெயர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பரமட்டா என்பது விலாங்கு மீன் உள்ள இடம் என்று பொருள் தரும் தருக் பெயர். அந்த ஏப்ரல் பயணத்துக்கு இரண்டு மாதம் கழித்து, 1791 ஜூனில், ரோஸ் ஹில் என்ற பெயரை மாற்றி அந்தப் பெயரைப் பிலிப்பே அறிவித்தார். எத்தனையோ பெயர்கள் போன பிறகும் அது மிஞ்சியிருக்கிறது. நாமும் தினமும் ரயிலில் அதைச் சொல்லிக்கொண்டுதான் போகிறோம்.

ஊர்ப் பெயரில் ஒரு மொழி வாழ முடியும் என்பது மற்ற யாரையும்விட நமக்கு நன்றாகப் புரியும்.